அண்ணன் கேட்டது 19 அங்குலம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவு. கிள்ளானில் கல்யாண விருந்து முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். அண்ணன் காரை ஓட்ட, அம்மா முன் இருக்கையில், நான் பின்னால். தேங்கியிருந்த தண்ணீருக்கு அடியில் குழி இருந்தது யாருக்கும் தெரியவில்லை. 'டம்' என்று ஒரே சத்தம். அடுத்த சில விநாடிகளில் ஸ்டீயரிங் இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது.

அவசரத் தடத்தில் நிறுத்தி, கைத்தொலைபேசி விளக்கில் பார்த்தோம். முன் டயரின் பக்கச்சுவர் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ரிம்மின் ஓரம் உள்நோக்கி வளைந்திருந்தது. லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போக, அம்மா பட்டுப்புடவையோடு தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்றார். அண்ணனின் அந்தப் பழைய மைவியில் முதலில் இருந்தது 14 அங்குலச் சக்கரம். அதைக் கழற்றிவிட்டு 17 அங்குல 'ஸ்போர்ட் ரிம்' போட்டு அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

இந்த ஆண்டு அண்ணன் மைவியை விற்றுவிட்டு, 2013-ஆம் ஆண்டின் டொயோட்டா 86 ஒன்றைப் பழைய கார் சந்தையில் வாங்கினான். ஷா ஆலம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்து சேர்த்த முன்பணம். மீதி, அப்பா உத்தரவாதக் கையெழுத்துப் போட்ட வங்கிக் கடன். கார் வந்த மறுவாரமே எனக்குப் புலனத்தில் படங்கள் வரத் தொடங்கின. வெண்கல நிறத்தில் 19 அங்குல ரிம்.

"நீதானே மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற? அம்மாகிட்ட 19 இன்ச் சேஃப்தான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்றான்.

ஒரு வாரம் டைம் கேட்டேன். அவனுக்குக் கொஞ்சம் அதிர்ச்சி. ஒரு நிமிட வேலை என்று நினைத்திருக்கிறான்.

இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கி 2012-இல் விற்பனைக்கு விட்ட கார் இது. 1983-இல் வந்த கொரோலா ஏஇ86-ஐ நினைவூட்டத்தான் அந்தப் பெயர். 'இனிஷியல் டி' பார்த்தவர்களுக்கு அந்தப் பழைய காரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. புதிய 86-இல் வேடிக்கை என்னவென்றால், ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் சொல்லி அவர்கள் பொருத்தியது 215/45 ஆர் 17 அளவில் மிஷெலின் பிரைமசி டயர். எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர் போன பிரியஸ் காரிலும் வந்த டயர் அது! காசு மிச்சம் பிடிக்கச் செய்ததல்ல. ஒட்டிப்பிடிக்கும் அகல டயர் போட்டால், அதிவேகத்தில்தான் காரின் அசைவு ஓட்டுநருக்குத் தெரியும். சாதாரண வேகத்திலேயே அது தெரிய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆக, இந்தக் காருக்குச் சின்னச் சக்கரம் போட்டவர்கள் தெரிந்தேதான் போட்டார்கள். என் ஆராய்ச்சி இங்கிருந்துதான் தொடங்கியது.

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களை நம்மில் பலர் படிப்பதே இல்லை. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டரில் அல்ல. அகலத்தில் 45 விழுக்காடு. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று விதமான அளவு! இந்த முறையை யார் ஏற்படுத்தினார்களோ, அவர்கள் கணிதத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கணக்கு படிவம் ஒன்று மாணவருக்கும் எளிது. 215-இல் 45 விழுக்காடு 96.75. சக்கரத்தின் மேலும் கீழும் பக்கச்சுவர் இருப்பதால் இரண்டால் பெருக்கினால் 193.5. ரிம் 17 அங்குலம், அதாவது 431.8 மில்லிமீட்டர். கூட்டினால் 625.3. தரையில் உருளும் முழுச் சக்கரத்தின் விட்டம் இதுதான்.

ரிம்மைப் பெரிதாக்கும்போது இந்த மொத்த விட்டத்தை ஏறக்குறைய மாறாமல் வைத்திருக்க வேண்டும். மாறினால் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் உண்மையான வேகமும் விலகும். மட்கார்டின் உட்புறத்தில் டயர் உரசும். மூன்று விழுக்காட்டுக்குள் நிறுத்துவது பட்டறைகளில் பொதுவான வழக்கம். அண்ணன் பார்த்து வைத்த 225/35 ஆர் 19-இன் விட்டம் 640.1. அசல் அளவைவிட 2.4 விழுக்காடு அதிகம். தேறிவிடுகிறது.

ஆனால் மொத்த விட்டம் மாறாமல் ரிம் மட்டும் பெரிதானால், இடம் எங்கிருந்து வரும்? டயரின் பக்கச்சுவரிலிருந்துதான். அசல் டயரில் 97 மில்லிமீட்டராக இருந்த சுவர், 19 அங்குலத்தில் 79 மில்லிமீட்டராகக் குறைகிறது. குழியில் விழும்போது ரிம்முக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே இருக்கும் காற்று மெத்தை அவ்வளவுதான். எங்கள் மைவியில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 175/65 ஆர் 14-இல் 114 மில்லிமீட்டர். அண்ணன் மாற்றிய 205/40 ஆர் 17-இல் 82. அந்த இரவு குழி ஆழமாக இருந்ததென்றே இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். காணாமல் போன 32 மில்லிமீட்டரைப் பற்றி யாரும் பேசியதில்லை.

நியாயமாகச் சொன்னால், பெரிய ரிம் வெறும் அழகுக்கு மட்டுமல்ல. பெரிய பிரேக் பொருத்த வேண்டுமானால் அதை மூடும் அளவுக்கு ரிம் வேண்டும். குட்டையான பக்கச்சுவர் வளைவில் குறைவாக நெளியும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் சட்டென்று கேட்கும். பந்தயத் தடத்தில் இது உண்மையான லாபம். காலையில் பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கும் காருக்கு எவ்வளவு லாபம் என்பது வேறு கேள்வி.

"அகல டயர் போட்டால் பிடிமானம் கூடும்" என்பது அண்ணனின் அடுத்த வாதம். உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்தது அல்ல என்று பள்ளி இயற்பியலில் படித்திருப்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் அவனிடம் ஒப்பித்தேன். பிறகு விரிவுரையாளரிடம் கேட்டபோது சிரித்தார். ரப்பர் அந்த எளிய விதிக்குள் அடங்காது. அது சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பற்றிக்கொள்ளும் பொருள். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமை குறையக் குறைய, அதன் உராய்வுத் திறன் சற்றுக் கூடும். எனவே அண்ணன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன்.

கார் ஏறக்குறைய 1,250 கிலோ. ஒரு சக்கரத்துக்குச் சராசரியாக 312 கிலோ. டயரில் காற்றழுத்தம் 240 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். சுமையை அழுத்தத்தால் வகுத்தால் ஏறக்குறைய 127 சதுர சென்டிமீட்டர் வருகிறது. ஓர் அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் சிறியது! 110 கிலோமீட்டர் வேகத்தில் அப்பா, அம்மா, நான், கடன் எல்லாவற்றையும் சாலையில் பிடித்து வைத்திருப்பது அப்படிப்பட்ட நான்கு அட்டைகள்தாம். டயரை அகலமாக்கி, காற்றழுத்தத்தை அப்படியே வைத்திருந்தால் அட்டையின் பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும். முன்பு நீண்டிருந்தது, இப்போது குறுகி அகலமாகும். வளைவில் அது நல்லது. மழையில் அப்படியல்ல. டயர் எவ்வளவு அகலமோ அவ்வளவு தண்ணீரை அது ஒதுக்கித் தள்ள வேண்டும். தள்ள முடியாவிட்டால் தண்ணீரின் மேல் மிதக்கும். மாலை நான்கு மணி மழை என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அகலத்தைவிட டயரின் ரப்பர் தரமும் பள்ளத்தின் ஆழமும்தான் முக்கியம். சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். அந்த எல்லையைத் தொடும்வரை காத்திருக்கவும் கூடாது.

அடுத்தது எடை. உருளும் பொருளில் ஓரத்தில் இருக்கும் எடை இரண்டு வேலை வாங்குகிறது. அதை முன்னே நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். மெல்லிய வளையம் ஒன்று உருளும்போது இந்த இரண்டுக்கும் தேவைப்படும் ஆற்றல் சமம். அதனால் சக்கரத்தின் ஓரத்தில் கூடும் ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது காருக்குள் வைத்த இரண்டு கிலோவைப் போல நடந்துகொள்ளும். போதாததற்கு, சக்கரத்தின் எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை. குழியில் இறங்கி ஏறும்போது கனமான சக்கரத்தை அடக்க அப்சோர்பர் கூடுதலாகப் பாடுபட வேண்டும்.

இதை வாயால் சொன்னால் அண்ணன் நம்பமாட்டான் என்று தெரியும். சனிக்கிழமை, குளியலறை எடைக்கருவியையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். எங்கள் வட்டாரத்தில் முப்பது வருடமாக டயர் கடை வைத்திருப்பவர் அவர். நாங்கள் 'அங்கள்' என்றே கூப்பிடுவோம். நான் எடைக்கருவியைக் கீழே வைத்ததும், "என்னம்மா, உன்னையா நிறுக்கப் போற?" என்றார்.

அசல் சக்கரம் டயரோடு 19 கிலோ. அண்ணன் ஆசைப்பட்ட 19 அங்குலம் டயரோடு 23 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 16 கிலோ. பெரும்பகுதி ஓரத்தில் இருப்பதால் வேகமெடுக்கும்போது அது 30 கிலோவுக்கு அருகில் போய்விடும். "மூணு அரிசிப் பை ஏத்திக்கிட்டு ரேஸ் ஓட்டுற மாதிரி தம்பி" என்றார் அங்கள். அந்த வாரம் முழுக்க நான் போட்ட கணக்குக்குக் கிடைக்காத மரியாதை அந்த அரிசிப் பைக்குக் கிடைத்தது.

அந்த 19 அங்குலம், பலரும் ஆசைப்படும் ஆறு ஆரம் கொண்ட ஜப்பானிய ரிம் ஒன்றின் நகல். அசலானது ரேஸ் நிறுவனத்தின் டிஇ37, 1996-இல் வந்தது. 15 அங்குல அளவில் ஒரு ரிம்மின் எடை 3.7 கிலோதான்; பெயரில் உள்ள 37 அங்கிருந்து வந்தது. அலுமினியத்தை மிகுந்த அழுத்தத்தில் அடித்து உருவாக்கும் முறையால்தான் அவ்வளவு மெல்லியதாகவும் அவ்வளவு வலுவாகவும் அதைச் செய்ய முடிந்தது. நகல் ரிம்கள் பெரும்பாலும் உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி வார்ப்பவை. அதே வலு வேண்டுமானால் வார்ப்பில் கூடுதல் உலோகம் வேண்டும். ஆக, எடையைக் குறைத்ததற்காகப் புகழ்பெற்ற ரிம்மின் தோற்றத்தை வாங்குகிறோம். கூடவே எடையையும் வாங்கி வருகிறோம்.

வார்ப்பு ரிம் என்றாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் ரிம்களில் பெரும்பாலானவை வார்ப்புதான். பார்க்க வேண்டியது சோதனை முத்திரை. ஜே.டபிள்யூ.எல். என்பது ஜப்பானின் அலாய் ரிம் தரநிலை. வளைவு, சுமை, மோதல் சோதனைகளைத் தாண்ட வேண்டும். வி.ஐ.ஏ. முத்திரையும் சேர்ந்திருந்தால், தயாரிப்பாளரைத் தவிர வெளி அமைப்பு ஒன்றும் சரிபார்த்திருக்கிறது என்று பொருள். முத்திரையையும் நகல் எடுக்க முடியும் என்பதால், எங்கே வாங்குகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம்.

அன்று கடையில் நிறையப் பேரம் நடந்தது. அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர், பழைய 225/40 ஆர் 19 டயர்கள் நான்கு வைத்திருப்பதாகவும் பாதி விலைக்குத் தருவதாகவும் அழைத்துச் சொன்னார். 35-க்குப் பதிலாக 40, அவ்வளவுதானே என்றான் அண்ணன். கணக்குப் போட்டேன். விட்டம் 662.6, ஆறு விழுக்காடு அதிகம். ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகம் அசல் டயரில் மிகச் சரியாக இருந்தால், இந்த டயரில் முள் 110 காட்டும்போது கார் 116-ஐத் தாண்டியிருக்கும். வேகக் கேமராவிடம் அந்தக் கணக்கைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், டயரில் கடைசி நான்கு இலக்கம் 1416. பதினான்காவது வாரம், 2016. மறுபேச்சில்லாமல் அண்ணனே வேண்டாம் என்றுவிட்டான்.

ஆப்செட்டைப் பற்றி அங்கள் சொல்லித்தான் எனக்கே சரியாகப் புரிந்தது. ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது காரின் ஹப்பில் பதியும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. 86-இன் அசல் ரிம் 7 அங்குல அகலம், ஆப்செட் +48. எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். கடையில் கவர்ச்சியாக இருந்த ஒரு ரிம் 8.5 அங்குல அகலம், ஆப்செட் +35. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், வெளிப்புற ஓரம் அசலைவிட 32 மில்லிமீட்டர் வெளியே வந்து நிற்கும். மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரத்துக்கு ஜே.பி.ஜே. சம்மன் வரும். அது ஒரு பக்கம் இருக்க, வீல் பேரிங் மீது விழும் நெம்புவிசையும் கூடும். ஸ்டீயரிங் பிடிக்கும் உணர்வும் மாறும். 8 அங்குல அகலம், +45 ஆப்செட் என்றால் வெளியே 16, உள்ளே 10 மில்லிமீட்டர்தான் கூடும். மட்கார்டுக்குள் அடங்கிவிடும்.

நடுத் துளையையும் சொல்ல வேண்டும். 86-க்கு 56.1 மில்லிமீட்டர். பல கார்களுக்குப் பொதுவாகச் செய்யும் ரிம்களில் துளை பெரிதாக இருக்கும். இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால் சக்கரம் சரியாக நடுவில் அமராமல், வேகமெடுக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கக்கூடும். பலர் பேலன்சிங் சரியில்லை என்று திரும்பத் திரும்பக் கடைக்குப் போவார்கள். சில ரிங்கிட் பெறும் வளையம்தான் காரணமாக இருக்கும்.

கடைசியில் என்ன வாங்கினோம்? என் முடிவு, 17 அங்குல அசல் ரிம்மையே வைத்துக்கொண்டு முழுப் பணத்தையும் நல்ல டயரில் போடுவது. இன்றும் அதுதான் என் கருத்து. ஆனால் கார் என்னுடையது அல்ல. 19 கேட்டவன் 18-க்கு இறங்கினான், 17 சொன்ன நான் 18-க்கு ஏறினேன். டொயோட்டாவே அடுத்து வந்த ஜி.ஆர். 86-க்கு 18 அங்குலம் கொடுத்திருப்பதை அவன் தேடிக் கண்டுபிடித்து வந்து காட்டியபோது, எனக்கும் பதில் சொல்ல அதிகம் இல்லை. முத்திரைகள் உள்ள 8 அங்குல அகல ரிம், ஆப்செட் +45, டயர் 225/40 ஆர் 18. விட்டம் 637.2, அசலைவிட 1.9 விழுக்காடு அதிகம். பக்கச்சுவர் 90 மில்லிமீட்டர். ஏழு மில்லிமீட்டரை மட்டும் விட்டுக்கொடுத்தோம். சுமைக் குறியீடு அசல் டயரின் 87-ஐவிடக் குறையக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும். ரிம்முக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சமானதை டயரில் போட்டோம். நான்கும் புதியவை, ஒரே வகை.

பொருத்தும்போது அங்கள் காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளை லேசாக ஏற்றிவிட்டு, மீதியை டார்க் ரெஞ்ச் வைத்துக் கையால் முடித்தார். 120 நியூட்டன் மீட்டர். "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டுத் திரும்ப வா தம்பி, இன்னொரு தடவை பார்த்திருவோம்" என்றார். அசல் ரிம் நான்கும் எங்கள் வீட்டு ஸ்டோர் அறையில் துணி சுற்றி இருக்கின்றன. நாளை காரை விற்கும்போது புஸ்பாகோம் பரிசோதனைக்கு அவை தேவைப்படலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சக்கரம் மாற்றியதைத் தெரிவித்தாயிற்று. அதைச் செய்ய அண்ணனை நான் மூன்று நாள் நச்சரிக்க வேண்டியிருந்தது.

இதைப் படிக்கும் நண்பர்களில் சிலருக்கு இன்னும் கார் இருக்காது. இருப்பவர்களில் பலர் ஓட்டுவது அப்பாவின் பழைய விரா அல்லது மைவியாக இருக்கும். என் வகுப்பில் ஒருவர் பி.டி.பி.டி.என். பணம் வந்த வாரத்திலேயே ரிம் வாங்கினார். டயருக்குப் பணம் போதாமல், தேய்ந்த பழைய டயரையே புது ரிம்மில் ஏற்றி ஓட்டுகிறார். அவர் காரில் ஏறச் சொல்லி என்னைக் கேட்காமல் இருந்தால் நல்லது.

போன மாதம் ஈப்போவில் பாட்டி வீட்டுக்குப் போனோம். 86-இன் பின் இருக்கை பெயருக்குத்தான் இருக்கை. முழங்காலை மடக்கி நான் அங்கே. அம்மா முன்னால். சிலிமைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் தானாகவே வேகத்தைக் குறைத்து இடது தடத்துக்கு வந்தான். சாலையில் ஓரிடத்தில் ஒட்டுப்போட்ட பள்ளம் ஒன்று வர, கார் 'டப்' என்று இறங்கி ஏறியது. மூவரும் பேச்சை நிறுத்தினோம். ஸ்டீயரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

"இதுல எத்தனை இன்ச்சு போட்டிருக்க?" என்று அம்மா கேட்டார்.

"பதினெட்டும்மா."

"பழையதுல?"

அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். பதினேழு என்று நான்தான் சொன்னேன். அது 86-இன் பழைய ரிம்மா, அந்த மைவியின் ரிம்மா என்று அம்மா கேட்கவில்லை. தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தியபோது, மழைவிட்ட ஈரத்தில் அண்ணன் இறங்கிப் போய் நான்கு டயரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தான்.